அவரோகணம்

மலை ஏறியவர்கள் எழுதிய நூல்களில் ஒரு பாரபட்சம் உண்டு. ஏறுகிற ஒவ்வோர் அடிக்கும் ஒரு வாக்கியம் செலவழிப்பவர்கள், சிகரத்தைத் தொட்டு, நாற்புறமும் நோக்கி, ஈசுவரனையோ இயற்கையையோ வியந்து முடித்த பிறகு, இறங்கி வந்த கதையை இரண்டே வரிகளில் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பாரபட்சத்துக்கு மறுப்புச் சொல்வதுபோல ஜப்பானில் ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஹொன்ஷு தீவின் நடுவே, வட ஆல்ப்ஸ் என்று வழங்கும் ஹிதா மலைத்தொடரின் வடகோடியில், கோடையிலும் பனித்திட்டுகள் மறையாத சிகரங்களில் தொடங்கி, முகட்டிலிருந்து முகடாகத் தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் ஜப்பான் கடலின் கூழாங்கற்களில் கால் வைக்கும்வரை ஓயாத அந்தப் பாதைக்குத் த்சுகமி ஷிந்தோ என்று பெயர்.

இது புராதனமான தீர்த்த யாத்திரை வழியன்று. மன்னர்கள் போட்ட ராஜபாட்டையுமன்று. கடலோரத்திலுள்ள ஓமி என்ற தொழிற்சாலை ஊரில், ரசாயன ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஓனோ கென் என்பவரும், அவருடைய நண்பர்கள் கூடி அமைத்த ‘சவகானி’ என்ற மலையேற்றச் சங்கத்தாரும், ஓய்வு நாட்களில் அரிவாளும் ரம்பமும் சுமந்துபோய், ஆளை விழுங்கும் சிறுமூங்கிற் புதர்களை வெட்டி வெட்டி முன்னேறி, 1971-ஆம் ஆண்டில் கடலையும் உயர்மலையையும் இந்தப் பாதையால் இணைத்து முடித்தார்கள். சவகானி என்பது மலை ஓடைகளில் வாழும் சின்னஞ்சிறு நண்டு. சிகரங்களை வெல்லக் கிளம்பியவர்கள் கழுகையோ சிங்கத்தையோ விட்டுவிட்டு நண்டைத் தேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோக்கியோவிலிருந்து ரயிலேறி வருகிற மலையேறிகளுக்கு இம்மலைகள் ஒரு விடுமுறைச் சுவர்க்கம்; ஓமியின் தொழிலாளிகளுக்கோ அவை வீட்டுக் கொல்லைப்புறத்தில் எழும்பி நிற்கும் சுவர். அந்தச் சுவரின் உச்சிவரை தங்கள் வாசலிலிருந்தே நடந்து போகவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

நான் அவர்கள் நோக்கத்துக்கு எதிர்த்திசையில், மேலிருந்து கீழாக நடந்தேன். அதற்கு முதலில் உயரத்தைச் சம்பாதிக்கவேண்டும். 1998-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் சில நடந்த ஹகுபா பள்ளத்தாக்கிலிருந்து, கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிகள் சுமார் 1900 மீட்டர் உயரத்திலுள்ள த்சுகாயிகே என்ற சதுப்பு நிலம்வரை மனிதர்களைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. நடைப் பயணம் என்று புறப்பட்டுவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்து ஏறுவது தகுமா என்று சில தூய்மைவாதிகள் கேட்கக்கூடும். முழங்கால்களின் சார்பில் நான் அதற்கு ஒரு பதிலும் சொல்லப்போவதில்லை.

சதுப்பு நிலத்திலிருந்து பாறைக்குவியல்களின்மேல் தாவித் தாவி ஏறினால், 2379 மீட்டர் உயரத்தில், ஹகுபா ஓயிகே என்ற ஏரி திடீரென்று கண்முன் விரிகிறது. அதற்கு மேல் மரங்கள் இல்லை. தரையோடு தரையாகப் படர்ந்து, காற்றுக்குத் தலைவணங்கியே வாழப் பழகிவிட்ட ஹைமாட்சு என்னும் குட்டைப் பைன்தான் எங்கும். அந்தப் பைன் புதர்களுக்குள் ரைச்சோ என்ற பறவை வசிக்கிறது. கோடையில் பாறை நிறமும் குளிர்காலத்தில் பனி நிறமும் பூணும் இந்தக் கோழியினப் பறவை, கழுகு முதலிய பகைகளுக்கு அஞ்சித் தெளிந்த வானத்தின்கீழ் ஒளிந்துகொண்டு, மூடுபனி இறங்கியதும் குஞ்சுகளோடு பாதையிலேயே உலாவ வருகிறது. வானிலை கெட்டுப்போனால் ரைச்சோ கிடைக்கும் என்று மலைக்காரர்கள் தேறுதல் சொல்வார்கள். எனக்கு அன்று அந்தத் தேறுதல் தாராளமாகக் கிடைத்தது. நாலடி தூரத்தில் ஒரு தாய்ப்பறவை, நான் ஒருவன் இருப்பதையே பொருட்படுத்தாமல், மொட்டுகளைக் கொத்திக்கொண்டு கடந்துபோயிற்று.

ஷிரோஉமா சிகரம் 2932 மீட்டர். அதன் உருவம் விசித்திரமானது. மேற்கிலிருந்து வருகிறவனுக்கு அது புல் போர்த்த சாதுவான சரிவு. முகட்டில் வந்து நின்று கிழக்கே எட்டிப்பார்த்தாலோ, கால்கள் தாமாகவே பின்வாங்கும் செங்குத்துப் பாதாளம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட காற்று, ஜப்பான் கடலில் ஓடும் வெந்நீரோட்டத்தின்மேல் நீராவியைக் குடித்துக்கொண்டு வந்து, இந்த மலைச்சுவரில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. மேற்குச் சரிவில் விழுந்த பனியைக் காற்றே வாரி முகட்டுக்கு அப்பால் எறிந்துவிடுவதால், அது முழுவதும் கிழக்குப் பக்கத்தில் குவிந்து, யுக யுகமாக அந்தப் பாறையை அறுத்திருக்கிறது. மலையின் இரு முகங்களுக்கும் காரணம் கடல்தான் என்பதை அங்கே நின்றபோது அறிந்துகொண்டேன்.

சிகரத்துக்குச் சற்றுக் கீழே, எண்ணூறு பேர் தங்கக்கூடிய ஒரு பெரிய விடுதி இருக்கிறது. ஐந்து மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு; சற்று நேரத்தில் விளக்கணைப்பு. அங்கே ஓடிப் பழகிய கால்களையுடைய ஒரு வாலிபன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். தோயாமா விரிகுடாவிலிருந்து கிளம்பி ஜப்பானின் மூன்று ஆல்ப்ஸ்களையும் தாண்டிப் பசிபிக் கரையிலுள்ள சுருகா விரிகுடாவரை, சுமார் 415 கிலோமீட்டரை எட்டு நாட்களுக்குள் கடக்கும் பந்தயம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்வதாகச் சொன்னான். நான் ஒரே கடலுக்கு, அதுவும் நடந்து போகிறேன் என்றதும், மரியாதையாகத் தலைவணங்கிவிட்டுச் சோற்றில் கவனம் செலுத்தினான்.

விடியற்காலையில் மேகம் விலகிற்று. சிகரத்தின்மேல், நாற்றிசையிலும் தெரியும் மலைகளைச் சுட்டிக்காட்டும் கல்மேடை ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. அதன் கற்களைச் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தார். அந்தக் கதையை ஆதாரமாகக் கொண்டுதான் நித்தா ஜிரோ என்ற எழுத்தாளர் ‘கோரிகி-தென்’ என்ற சிறுகதையை எழுதி, நவோக்கிப் பரிசு பெற்றார். சுற்றுலாப் பயணிகள் அந்தக் கல்லைத் தொட்டுப் படமெடுத்துக்கொள்ள, நான் வடமேற்கே பார்த்தேன். நோத்தோ தீபகற்பம் ஒரு நீலக்கோடாகத் தெரிந்தது. அதற்கு இப்புறம் கடல், கடலென்று நம்பமுடியாத நிலையில், வானத்தின் அடிப்பாகம் சற்று அழுத்தமாகத் தீட்டப்பட்டதுபோல் கிடந்தது.

பழைய எச்சிகோ, எத்சூ, ஷினானோ நாடுகள் மூன்றும் சந்திக்கும் எல்லைமுகட்டில் கூட்டம் பிரிந்துவிடுகிறது. பெரும்பாலோர் வந்த வழியே திரும்ப, வடக்கு நோக்கி யூக்கிகுரா மலைக்குப் போகிறவர்கள் சிலரே. இந்தப் பகுதியில் பாறையின் நிறம் மாறுகிறது. பாம்பின் தோலைப்போல் கரும்பச்சையாய் வழவழக்கும் ஸர்ப்பண்டைன் என்னும் கல் காலடியில் வருகிறது. மழையில் நனைந்தால் இதைவிட வஞ்சகமான தரை வேறில்லை. பூமியின் ஆழத்தில் அழுத்தத்தில் பிறந்த பச்சை மரகதம் போன்ற ஜேட் கல், இந்த ஸர்ப்பண்டைனின் துணையோடுதான் மேலே வந்து, பிறகு ஆறுகளில் உருண்டு இத்தோயிகாவா கடற்கரையில் ஒதுங்குகிறது. கற்களும் நான் போகும் வழியே போகின்றன என்ற எண்ணம் எனக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது.

அஸாஹி மலையின் அடியிலுள்ள சிறு விடுதியில் இரவைக் கழித்து, மறுநாள் 2418 மீட்டர் உயரமுள்ள அதன் தலையைக் கடந்து இறங்கினால், ஃபுகியாகே என்ற கணவாயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கேதான் த்சுகமி ஷிந்தோ ஆரம்பம். அங்கிருந்து சமுத்திரம்வரை சுமார் 27 கிலோமீட்டர். சமவெளியில் ஒரு நாள் நடை என்று சொல்லிவிடலாம். இங்கே அந்தக் கணக்குச் செல்லாது.

ஆரம்பத்தில் பாதை மிகுந்த தாட்சிணியத்தோடு நடந்துகொள்கிறது. சிறு குளங்கள், பனி உருகிய ஈரத்தில் கூட்டங்கூட்டமாகப் பூத்திருக்கும் மஞ்சள் லில்லிகள், நீலஐரிஸ் மலர்களின் பெயரையே தாங்கிய அயாமேதைரா என்ற புல்வெளி, அதற்கப்பால் குரோஇவாதைரா. கந்தர்வ லோகத்தை எவரும் கண்டதில்லையாதலால் அதைக்கொண்டு இந்த இடத்தை வருணிப்பது முறையாகாது. நடந்தவர்கள் அங்கே பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இந்த ரம்யமான பிரதேசத்தில் மனிதன் ஏமாந்துபோகிறான். உயரம் குறைந்துகொண்டே வருகிறது, கஷ்டமும் குறைந்துவிடும் என்று எண்ணுகிறான். குரோஇவா என்ற 1624 மீட்டர் மலையைத் தாண்டியதும் அந்த எண்ணம் பொய்க்கிறது.

நம் சங்கீதத்தில் சில ராகங்களின் அவரோகணம் நேராக இறங்காது, இரண்டு ஸ்வரம் இறங்கி, ஒரு ஸ்வரம் ஏறி, மறுபடியும் வளைந்து இறங்கும், வக்ரம் என்பார்கள். இந்தப் பாதை ஒரு வக்ர ராகம். சவகானி சங்கத்தாரின் பெயரையே சூட்டிக்கொண்ட சவகானி மலை 1612 மீட்டர். அதற்கடுத்த இனுகதாக்கே ஏறத்தாழ 1590 மீட்டர். பிறகு ஒரேயடியாகத் தாழ்ந்து 1210 மீட்டர் அளவில் கிகுயிஷி. இறங்கிவிட்டோம் என்று மூச்சு விடும்போது ஷிமோகோமா, ஷிராதோரி என்று மீண்டும் ஏற்றம். எண்களைத் தாளில் பார்க்கிறவனுக்கு நானூறு மீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால், இந்த முகடுகளுக்கிடையே, வேர்களைப் பற்றிக்கொண்டு வழுக்கி இறங்கி, கயிற்றைப் பிடித்துத் தொங்கி மீண்டும் ஏறுவதை நாள் முழுவதும் செய்தவனிடம் கேட்டால்தான் அதன் முழுப் பரிமாணமும் தெரியவரும். உயரே குளிர்ந்த காற்று வீசுகிற இடத்தில் மூவாயிரம் மீட்டரை மிரட்டலாகச் சொல்லிக்கொள்கிறோம். அசல் மிரட்டல், காற்றே வராத ஆயிரம் மீட்டர் காட்டுக்குள், ஆவி பிடித்ததுபோன்ற ஆகஸ்டுப் புழுக்கத்தில், ஈக்களும் கொசுக்களும் முகத்தை மொய்க்க, அடுத்த நீரூற்று எங்கேயென்று கணக்கிட்டுக்கொண்டே நடப்பதில் இருக்கிறது. கிதாமாத்தா, ஓரென், ஷிகிவாரி என்ற நீர்நிலைகளின் பெயர்களை நான் ஸ்தோத்திரம்போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

இனுகதாக்கேயின் தோளில் சங்கத்தார் கட்டிய ஆளில்லாக் குடில் ஒன்று இருக்கிறது. பலகைத் தரை, கூரை, அவ்வளவுதான். அந்தியில் அதன் வாசலில் நின்றால் மேற்கே கடல் செம்பாக உருகிக் கிடப்பதும், இருட்டியபின் கரையோர ஊர்களின் விளக்குகள் ஒரு கோடாக மினுங்குவதும் தெரியும். அங்கே தங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தோளில் தொங்கிய கரடிமணியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இந்தப் பாதையை வெட்டியது பெரிய காரியம்தான், ஆனால் வருஷா வருஷம் வெட்டிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரியது’ என்றார். அவர் சொன்னது வாஸ்தவம் என்று மறுநாள் கண்டுகொண்டேன். மீட்டர் கணக்கில் பனி விழும் நிலத்தில், அது உருகியதும் புல்லும் சிறுமூங்கிலும் வெறிபிடித்ததுபோல் வளர்கின்றன. ஒரு கோடை கவனியாமல் விட்டால் பாதை மறையும். இரண்டு கோடை விட்டால் பாதை இருந்ததென்பதே ஒரு வதந்தியாகிவிடும். நினைவுச் சின்னங்களைக் கல்லில் எழுப்புகிறவர்கள் ஒரு முறை உழைத்தால் போதும். புல்லில் எழுப்பியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கிகுயிஷி என்பது ஜப்பானிய மொழியில் அம்மோனைட்டைக் குறிக்கும்; ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட, ஜுராசிக் யுகத்துக் கடற்பிராணியின் கல்வடிவம். இந்தப் பிரதேசத்தின் பழம்பாறைகளில் அவை கிடைக்கின்றன. ஆக, கடலைத் தேடி நான் இறங்கிக்கொண்டிருந்த முகடே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்திருக்கிறது. அதற்குக் கீழே பீச் மரக்காடு தொடங்குகிறது. சாம்பல் நிறப் பட்டையும் மென்பச்சை இலையுமாக நிற்கும் அம்மரங்களின் அடிப்பாகம், குழந்தைப்பருவத்திலிருந்து பனிப்பாரம் அழுத்தியதால், சரிவின் பக்கமாக வளைந்து பிறகுதான் நிமிர்கிறது. ஷிமோகோமாவின் அடிவாரத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து பாதையை மூடியிருந்தது. காலால் தடவித் தடவித்தான் போகவேண்டியிருந்தது.

ஷிராதோரியிலிருந்து கிந்தோகி என்ற செங்குத்துச் சரிவு வழியாகச் சகாத்தா கணவாயில் வந்து விழுந்தால், நாட்கணக்காகக் காணாத தார்ச்சாலை ஒன்று குறுக்கே ஓடுகிறது. இந்த வட்டாரத்துக்கு ஜப்பானிய இலக்கியத்தில் ஸ்தானம் உண்டு. கீழே கடற்கரை வழி கொந்தளிப்பால் அடைபட்டபோது பயணிகள் நாடிய உள்நாட்டு மலைவழி அகெரோ என்ற கிராமத்தின் பக்கமாகப் போயிற்று. ‘யமாம்பா’ என்ற நோ நாடகத்தில், ஸென்கோஜி ஆலயத்துக்கு யாத்திரை போகும் நர்த்தகி ஒருத்தி அகெரோ மலையைத் தேர்ந்து, நடுவழியில் மலைக்கிழவியையே நேரில் சந்திக்கிறாள். மலைக்கிழவியின் வேடத்தை ஆடியே புகழ் பெற்றவள் அந்த நர்த்தகி என்பது நாடகத்தின் நயம். கிழவியின் வளர்ப்புப்பிள்ளை என்று சொல்லப்படும் வீரனின் பெயரைத்தான் நான் முழங்கால் நடுங்க இறங்கிவந்த அந்தச் சரிவு தாங்கியிருக்கிறது.

நம் முன்னோர் நிலத்தை வகுத்தபோது குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் நடுவே முல்லையையும் மருதத்தையும் வைத்தார்கள். இங்கே வயலும் ஊரும் பெயருக்குக்கூட இல்லை. காடு முடிகிற இடத்தில் உப்புநீர் தொடங்குகிறது. ஷிரிதாகா என்ற 677 மீட்டர் குன்றும், நியூதோ என்ற அதனினும் சிறிய குன்றும் கடைசியாகத் தலைகாட்டி நகர, அலையோசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்த எனக்கு முதலில் கேட்டது லாரிகளின் இரைச்சல். காடு திடீரென்று விலகி, எட்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் என்னை இறக்கிவிட்டது. எதிரே ஒரு விடுதி; அதன் பக்கத்தில் கீழே கடலுக்குப் போகும் படிகள். இடம் ஓயஷிராஸு.

பெற்றோரை அறியாத இடம் என்பது அதன் பொருள். மலை நேராகக் கடலில் இறங்குவதால் பாதை போட இடமில்லாத இந்தக் கரையில், பழங்காலத்துப் பயணிகள் பாறைச்சுவருக்கும் அலைக்கும் நடுவே மிஞ்சிய ஒற்றையடி மணலில், ஓரலை பின்வாங்கி மறு அலை எழுமுன் ஓடிக் கடந்தார்கள். ஓடும்போது தந்தை மகனைத் திரும்பிப் பார்க்க முடியாது. மகனும் தந்தையைப் பார்க்க முடியாது. தைரா குலத்து யோரிமோரியின் மனைவி, கணவனைத் தேடி எச்சிகோவுக்குப் போகும் வழியில், கையிலிருந்த குழந்தையை இங்கே அலைக்குப் பறிகொடுத்துக் கதறினாள் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கவி பாஷோ 1689-இல் இந்தப் பயங்கரங்களைக் கடந்த களைப்போடு பக்கத்து இச்சிபுரியில் படுத்து, அடுத்த அறையில் தாசிகள் பேசிக்கொண்டதைக் கேட்டதாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். உடன் போன சீடர் சோராவின் நாட்குறிப்பில் அந்தப் பெண்களைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் பாஷோவுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

எந்த மலையமைப்பு சிகரத்திலிருந்து அலைவரை ஒரே முகட்டில் நடக்கும் பாக்கியத்தை எனக்குத் தந்ததோ, அதுவேதான் அத்தனை பேரையும் கொன்றிருக்கிறது. 1883-இல் பாறையைக் குடைந்து ஒரு சாலை போட்டபோது, மக்கள் தாங்கமுடியாத மகிழ்ச்சியில், அது சாணைக்கல்போல் மழமழப்பு, அம்புபோல் நேர் என்று பாறையிலேயே எழுத்துச் செதுக்கி வைத்தார்கள். அந்தச் சாலை இப்போது நடைபாதையாகிவிட்டது. கீழே மணல்வழி, நடுவே மெய்ஜி காலத்து அந்தச் சாலை, மேலே எட்டாம் எண் நெடுஞ்சாலை, கடலுக்குள்ளேயே தூண் நட்டு 1988-இல் போட்ட அதிவேகச் சாலை இன்னொரு பக்கம். நான்கு தலைமுறை வழிகளையும் ஒரே பார்வையில் காணலாம். கைவிடப்பட்ட பழைய ரயில்வேச் செங்கற் சுரங்கம் ஒன்றும் இருக்கிறது. வெயிலில் வெந்து வந்தவனுக்கு அதனுள் வீசும் குளிர்காற்று பரமானந்தம்.

மெய்ஜிச் சாலையின் ஓரத்தில் தொப்பியும் தடியுமாக ஓர் ஆங்கிலேயரின் உருவச்சிலை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிறிஸ்தவ ஊழியத்துக்காக ஜப்பான் வந்து, மலைகளில் மனத்தைப் பறிகொடுத்த வால்டர் வெஸ்டன் பாதிரியார் அவர். ‘ஜப்பானிய ஆல்ப்ஸ்’ என்ற பெயரை 1896-இல் வெளியான தம் நூலால் உலகறியச் செய்தவர். 1894-இல் இங்கே வந்து நின்று, இந்தப் பாறையடிவாரமே ஆல்ப்ஸின் தொடக்கம் என்று கண்டுகொண்டு, பிறகு ஷிரோஉமாவை ஏறப் போனார். ஓமியின் தொழிலாளிகள் முக்கால் நூற்றாண்டு கழித்து வெட்டிய பாதை அவர் பார்வையின் கோட்டிலேயே போகிறது.

படியிறங்கிக் கரையில் காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றேன். ஜேட் பொறுக்க வந்த சிலர், குனிந்த முதுகோடு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் ஜேட் அன்று, பெரும்பாலும் அது ஸர்ப்பண்டைனே என்று ஒருவர் என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். மேலே நான் வழுக்கி விழாமல் தப்பிய அதே கல்.

ரயில் நிலையம் சில கிலோமீட்டர் தொலைவு. நடைபாதையற்ற நெடுஞ்சாலையில், பனிக்கூரைச் சுரங்கங்களுக்குள், லாரிகள் தோளை உரசிப் போக நடந்த அந்தத் தூரமே முழுப் பிரயாணத்திலும் மிக அபாயகரமானது என்பது என் அபிப்பிராயம். மாலையில் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் வந்தது. அடுத்த நிலையமான ஓமியில், தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் அடியில் நிற்க, வேலை முடிந்த சிலர் ஏறினார்கள். அவர்களுள் நரைத்த தலையர் ஒருவர் எதிர் இருக்கையில் அமர்ந்து, சேறு காய்ந்த என் காலணிகளைச் சற்று நேரம் பார்த்தார்.

“த்சுகமியா?” என்றார்.

“ஆமாம்.”

“புல் எப்படி இருந்தது?”

இடுப்புயரத்தில் கையை வைத்துக் காட்டினேன்.

“ஷிராதோரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“அந்தப் பக்கம். ஷிமோகோமாவுக்குக் கீழே.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அதை எழுதிக்கொண்டார்.